மாமனார் வீட்டுப் பிச்சுவா

கொஞ்ச நேரத்துக்கு நீங்கள் ஒரு ஜப்பான்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சேபணை இல்லையே?

வயசு முப்பத்திரண்டு. டோக்கியோவில் ஏதோ ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்ஷன். காலையில் ரயிலில் நின்றபடியே தூங்கிக்கொண்டு போய், ராத்திரி ரயிலில் நின்றபடியே தூங்கிக்கொண்டு திரும்பி, மாசக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆசாமி. நம்மோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. சாப்பிடும்போது மட்டும் குச்சி.

உங்கள் மாமனார் போன வருஷம் தவறிவிட்டார். மாமியார் பழைய மர வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களைக் கூப்பிட்டு, படுக்கை மடித்து வைக்கிற சுவர் அலமாரியிலிருந்து ஒரு நீளமான துணிப்பையை எடுத்து முன்னால் வைக்கிறார்.

“மாப்பிள்ளை, இதை வித்துக் குடுத்துடுங்க.”

(ஜப்பானிய மாமியார் ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட மாட்டார். உங்கள் பெயரோடு ஒரு ‘ஸான்’ சேர்த்துக் கூப்பிடுவார். உங்களுக்கு என்ன ஜப்பானியப் பெயர் பொருந்தும் என்று எனக்குத் தெரியாததால், மாப்பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போங்கள்.)

பைக்குள்ளே ஒரு கத்தி. நம் ஊர் பாஷையில் பிச்சுவா. ஜப்பானில் ‘டான்டோ’. அலகின் நீளம் ஒரு ‘ஷாகு’வுக்கு, அதாவது 30.3 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் டான்டோ. அதற்கு மேலே போனால் குறுவாள், இரண்டு ஷாகுவைத் தாண்டினால் வாள். உங்களுடையது இருபத்தைந்து சென்டிமீட்டர். சுத்தமான டான்டோ. மாமனார் உயிரோடிருந்தவரைக்கும் மாசத்தின் முதல் ஞாயிறன்று இதை வெளியே எடுப்பார். வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொள்வார், மூச்சு ஈரமும் எச்சிலும் இரும்பில் படக்கூடாது என்று. பழைய எண்ணெயைத் துடைத்து, ஒரு சின்னப் பட்டுப் பொட்டலத்தில் கட்டிய கல்மாவால் பொத் பொத் என்று தட்டி, மறுபடி துடைத்து, கிராம்பு எண்ணெய் பூசி உள்ளே வைப்பார். நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான் என்பது மாமியாரின் வாக்குமூலம்.

கத்தி இருக்கிறது. மாமியார் உத்தரவும் இருக்கிறது. எப்படி விற்பது?

முதல் கேள்வியே கத்தியைப் பற்றியது இல்லை. காகிதத்தைப் பற்றியது. ஜப்பானில் பழைய வாளோ, பிச்சுவாவோ வீட்டில் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கத்திக்குப் பதிவுச் சீட்டு வேண்டும். மனுஷனுக்கு இல்லை ஸார், கத்திக்கு! நீளம் இவ்வளவு, வளைவு இவ்வளவு, பிடியின் ஆணித் துளை எத்தனை, கையெழுத்து இருந்தால் என்ன எழுத்து, எல்லாம் அதில் இருக்கும். கத்தி எங்கே போனாலும் சீட்டும் கூடவே போகவேண்டும். இந்தச் சீட்டைக் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? போலீஸா? ராணுவமா? இல்லை. அந்தந்த மாகாணத்தின் கல்வி வாரியம்! எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் கொடுக்கிற இடத்தில் பிச்சுவாவுக்கு சர்ட்டிபிகேட்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் அமெரிக்க ராணுவம் நாட்டிலுள்ள ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னது. பரம்பரை பரம்பரையாகப் பூஜிக்கிற மாதிரி வைத்திருந்த வாள்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் விறகுக் கட்டு மாதிரி குவிந்தன. கொஞ்சம் உருக்கப்பட்டது, கொஞ்சம் கடலில் போனது, கொஞ்சம் சிப்பாய்களின் மூட்டையில் ஏறி அமெரிக்கா போனது. ஜப்பானிலேயே தலைசிறந்த வாள்களில் ஒன்றான ஹொன்ஜோ மாஸாமுனே கூட அப்படித்தான். டோக்குகாவா வம்சத்தார் அதை 1945 டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். அப்புறம் அதைக் காணோம். இன்றைக்கு வரைக்கும் காணோம். ஹொன்மா ஜுன்ஜி, ஸாட்டோ கன்இச்சி போன்ற நிபுணர்கள் மன்றாடிப் பார்த்தார்கள். “ஐயா, இது ஆயுதம் இல்லை, கலை.” அந்த வாதம் ஜெயித்தது. கலை என்று நிரூபித்தால் வைத்துக்கொள்ளலாம், வெறும் ஆயுதம் என்றால் கூடாது. அதனால்தான் விவகாரம் கல்வி இலாகாவிடம் போனது. இரண்டாம் உலகப் போருக்காகத் தொழிற்சாலையில் அடித்துத் தள்ளிய ராணுவ வாள்களுக்கு இன்றும் அங்கே பதிவு கிடையாது.

சீட்டைத் தேடுகிறீர்கள். கிடைக்காவிட்டால் முதலில் அந்த வட்டார போலீஸுக்குப் போன் செய்து, ‘வீட்டில் கத்தி அகப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்து, அந்த ரசீதோடு கல்வி வாரியம் குறிக்கிற தேதியில் கத்தியைக் கொண்டுபோய்ப் பரீட்சை எழுத வைக்கவேண்டும். பரீட்சைக் கட்டணம் 6,300 யென். நல்லவேளை, மாமனார் ஒழுங்கான ஆசாமி. பிஸ்கட் டின்னுக்குள், பழைய மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் சீட்டு இருக்கிறது. டின்னுக்குள் இன்னும் என்னென்னவோ காகிதங்கள். அதையெல்லாம் பார்க்க இப்போது நேரமில்லை. மூடி வைக்கிறீர்கள். (அந்த டின்னை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது இயற்கையாக வருகிற ஆசை. விற்கிற பொருளைப் பளபளவென்று ஆக்கிவிடலாமே?

வேண்டாம். நான் பட்டிருக்கிறேன். என் பழைய ஸ்கூட்டரை விற்கும் முன்னால் எண்ணூறு ரூபாய் செலவழித்துப் பெயின்ட் அடித்தேன். வாங்க வந்த ஆள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க ஸார் மோதினீங்க?” என்று கேட்டு ஆயிரம் ரூபாய் குறைத்தார். பி.காம். படித்ததற்கு அன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது.

ஜப்பானியக் கத்தியில் இது இன்னும் கடுமை. பிடிக்குள் மறைந்திருக்கிற வால் பகுதி ஒன்று இருக்கிறது. அது கறுத்து, துருவேறிப் பார்க்கச் சகிக்காமல் இருக்கும். அந்தத் துருவை யாரும் தொடமாட்டார்கள். துருதான் கத்தியின் பிறந்த தேதி. நானூறு வருஷத் துரு ஒரு நிறம், நூறு வருஷத் துரு வேறு நிறம். கை தேர்ந்தவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாப்பிள்ளைகளால் பாழான கத்திகள் உலகம் பூராவும் இருக்கின்றன. அலகையும் நீங்கள் தேய்க்கக்கூடாது. அதற்கென்று ஒரு சாணைக்காரர் இருக்கிறார். நம் தெருவில் சைக்கிள் பெடலை மிதித்துக்கொண்டு ‘சாணை பிடிக்கிறதே’ என்று குரல் கொடுத்தபடி வருகிறவர் இல்லை. பல வருஷம் குருவிடம் இருந்து கற்றவர். ஒரு கத்திக்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்வார். கூலி, ‘சுன்’ கணக்கு. ஒரு சுன் என்றால் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். அது மட்டுமில்லை. ஒவ்வொரு சாணையும் கத்தியின் மேல்தோலைக் கொஞ்சம் தின்றுவிடும். நாலைந்து நூற்றாண்டாகச் சாணை பிடித்துப் பிடித்து, உள்ளே இருக்கிற மெத்து இரும்பு வெளியே தெரிகிற கத்திகளை ‘களைத்துப்போன கத்தி’ என்றே சொல்கிறார்கள். அக்கவுன்ட்ஸ்காரர்கள் தேய்மானம் என்று எழுதுகிறோமே, அதை நிஜமாகவே கண்ணால் பார்க்கிற இடம் இது.

சரி, அப்படியே எடுத்துக்கொண்டு போகிறீர்கள். சீட்டையும் கூட எடுத்துக்கொண்டு. ரயிலில் பையைக் கட்டிப் பிடித்தபடி, வழக்கம்போல் தூங்காமல்.

கடைக்காரர் அறுபது வயசுப் பெரியவர். பழம்பொருள் வியாபாரி. அங்கே பழம்பொருள் வாங்கி விற்கவும் லைசென்ஸ் உண்டு, 1949-ல் வந்த சட்டம். உங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்கிறார். திருட்டுச் சாமான் வியாபாரத்தைத் தடுக்க. பிறகு டீ. பிறகு வானிலை பற்றிக் கொஞ்சம் பேச்சு. அப்புறம் உறையை இரண்டு கையாலும் ஏந்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு வணக்கம். உங்களுக்கில்லை, கத்திக்கு.

கத்தி இப்போது வெள்ளை மர உறையில் இருக்கிறது. வார்னிஷ் கூடக் கிடையாது. ‘ஷிராஸாயா’ என்று பெயர். அரக்குப் பூச்சும் பட்டுக் கயிறுமாக ஜோடனை செய்த உறையும் பிடியும் தனியாக உண்டு. அது வெளியே போகும்போது. வீட்டில் இருக்கும்போது இந்த வெள்ளை மரம். நாம் ஆபீஸ் விட்டு வந்ததும் பேன்ட்டைக் கழற்றிவிட்டு லுங்கிக்கு மாறுகிற மாதிரி. அந்த நேரத்தில் ஜோடனை உறை தொளதொளத்துப் போகாமலிருக்க, அதற்குள்ளே மரத்தில் செய்த ஒரு டம்மிக் கத்தியைப் போட்டு வைப்பார்கள். மாமனார் வீட்டில் அதுவும் இருக்கிறது. பேன்ட்டுக்குள் பொம்மைக் கால்.

பெரியவர் கத்தியை உருவி, விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். முதலில் வடிவம். அப்புறம் அலகின் ஓரத்தில் பனி படர்ந்த மாதிரி ஓடுகிற வெள்ளைக் கோடு. களிமண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது உண்டாவது அது. அப்புறம் இரும்பின் மேனி. பலமுறை மடித்து அடித்ததில், மரப்பலகையில் தெரிகிற மாதிரி ரேகைகள். இதை வைத்தே எந்த ஊர், எந்தக் காலம், எந்தக் கொல்லர் என்று சொல்வது ஒரு வித்தை. வால் பகுதியைத் துணியால் மூடி வைத்துவிட்டு ஊகிக்கிற போட்டிகளே சங்கங்களில் நடக்கும். விடை மூடிய இடத்தில் இருக்கும், கொல்லரின் கையெழுத்தாக.

பெரியவர் ஒரு சின்னச் சுத்தியலால் மூங்கில் ஆணியைத் தட்டி எடுக்கிறார். பிடியை இடது கையில் செங்குத்தாகப் பிடித்து, அந்த மணிக்கட்டிலேயே வலது கையால் மெதுவாக ஒரு தட்டு. வாள் என்றால் ஓங்கித் தட்டலாம். பிச்சுவா லேசு, துள்ளி வெளியே வந்து விழும். பிடி கழன்றது. வால் பகுதியில், துருவுக்கு நடுவே, உளியால் வெட்டிய இரண்டு எழுத்து.

‘யோஷிமிட்சு.’

உங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. மாமனார் கல்யாணத்தன்றைக்கே உங்களிடம் சொன்ன பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கியோட்டோவின் அவாட்டாகுச்சியில் இருந்த கொல்லர். பிச்சுவா செய்வதில் அவருக்கு மிஞ்சி ஆள் இல்லை. அவர் செய்த ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ‘தேசியப் பொக்கிஷம்’ என்ற அந்தஸ்தோடு இருக்கிறது. அவருடைய கத்தி பற்றி ஒரு கதையும் உண்டு. 1493-ல் ஹாட்டாகேயாமா மாஸானாகா என்கிற பிரபு எதிரிகளிடம் சிக்கிக்கொண்டார். இனி தப்ப வழியில்லை, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவோம் என்று யோஷிமிட்சு பிச்சுவாவை எடுத்துக் குத்தினால், கத்தி வயிற்றில் இறங்கவில்லை. மறுபடி. இறங்கவில்லை. என்ன மொக்கைக் கத்தி இது என்று எரிச்சலில் வீசி எறிந்தார். அது பக்கத்தில் இருந்த மருந்து அரைக்கிற இரும்புக் கல்வத்தைத் துளைத்துக்கொண்டு நின்றது! யோஷிமிட்சுவின் கத்தி எஜமானனின் வயிற்றைக் கிழிக்காது என்று அன்றிலிருந்து பேச்சு. (எஜமானர் வேறு கத்தி வாங்கிக் காரியத்தை முடித்துக்கொண்டார் என்பதைக் கதை சொல்கிறவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.) அந்தக் கத்தி பிற்பாடு காணாமல் போய்விட்டது.

“எப்படி ஸார்?” என்கிறீர்கள்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. பல்லிடுக்கு வழியாக ‘ஸ்ஸ்ஸ்...’ என்று காற்றை உள்ளே இழுக்கிறார். ஜப்பானில் யாரும் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். காற்றை இழுத்தால் இல்லை என்று அர்த்தம். நீளமாக இழுத்தால் நிச்சயமாக இல்லை என்று அர்த்தம்.

இவர் நீளமாக இழுக்கிறார்.

கத்தி நல்ல கத்திதானாம். பதினாறாம் நூற்றாண்டு. மினோ மாகாணத்து ஸேகி ஊர் வேலையாக இருக்கலாம். (ஸேகி இன்றைக்கும் சமையல் கத்தி, ரேஸர், நகவெட்டி செய்கிற ஊர்.) கையெழுத்துதான் பின்னால் யாரோ வெட்டியது. வயிற்றைக் கிழிக்காத கத்தி என்று பேர் வாங்கினால் ஆயிரம் சாமுராய்கள் அதைக் கேட்பார்கள். யோஷிமிட்சு ஒருத்தர்தான். மிச்சத்தை உளி பார்த்துக்கொண்டது. ஜப்பானியக் கத்தி உலகத்தில் பொய்க் கையெழுத்து என்பது அபூர்வமே இல்லை. பதினேழாம் நூற்றாண்டு கோடெட்ஸு என்கிற கொல்லர் பெயரில் அவ்வளவு போலி. ‘கோடெட்ஸு என்று கண்டால் போலி என்று கொள்’ என்கிற அர்த்தத்தில் அங்கே ஒரு சொலவடையே உண்டு.

இதைச் சரிபார்க்கவே ஒரு குடும்பம் இருந்தது. ஹொன்அமி குடும்பம். சாணை பிடிப்பதும் கத்தியை மதிப்பிடுவதும் பரம்பரைத் தொழில். பார்த்து, இது இன்னார் செய்தது, இத்தனை பொன் பெறும் என்று காகிதத்தில் எழுதி மடித்துக் கொடுப்பார்கள். மடித்த காகிதத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ஒரிகாமி’. ஆமாம், நம் குழந்தைகள் கொக்கு மடிக்கிறார்களே, அதே வார்த்தை. இன்றைக்கும் ஒருத்தரை ‘ஒரிகாமி உள்ளவர்’ என்றால் உத்தரவாதமான ஆள் என்று அர்த்தம். பிரபுக்கள் சேவகனுக்கு நிலம் கொடுப்பதற்குப் பதில் கத்தியும் ஒரிகாமியும் கொடுத்து அனுப்பினார்கள். நிலம் தீர்ந்துபோகும், காகிதம் தீராது. இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு காமர்ஸ் ஆசாமியாகத்தான் இருக்கவேண்டும்.

இப்போது அந்த வேலையை 1948-ல் ஆரம்பித்த கலை வாள்கள் பாதுகாப்புச் சங்கம் செய்கிறது. கத்தியைக் கொடுத்தால், குழு உட்கார்ந்து பார்த்துச் சான்றிதழ் தரும். அதில் நாலு படி. ‘பாதுகாக்கத் தக்கது’ என்பதில் ஆரம்பித்து ‘விசேஷ முக்கியம்’ வரைக்கும். படி ஏற ஏற விலை ஏறும். ஆனால் கையெழுத்து பொய் என்று குழு நினைத்தால், கத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சான்றிதழ் கிடையாது.

“ஒரு வழி இருக்கு” என்கிறார் பெரியவர். “கையெழுத்தை எடுத்துடலாம்.”

எடுத்துவிடலாம் என்றால் அரத்தால் ராவி, அந்த இடத்தின் துருவைச் சரிக்கட்டி, கையெழுத்தே இல்லாத கத்தியாக மறுபடி அனுப்புவது. ஊரறிந்த வழிதான். பலர் செய்கிறார்கள். தப்பு இல்லை என்கிறது வியாபாரம். பொய்யைத்தானே அழிக்கிறோம்? அப்போது ‘கையெழுத்தற்றது, ஸேகி, பதினாறாம் நூற்றாண்டு’ என்று மரியாதையாகச் சான்றிதழ் வரலாம். பெரியவர் இரண்டு தொகை சொல்கிறார். பொய்க் கையெழுத்தோடு அப்படியே விற்றால் ஒன்று. ராவி, சான்றிதழ் வாங்கி விற்றால் இன்னொன்று. முதல் தொகையில் பாதிக் கூரை வேயலாம். இரண்டாவதில் முழுக் கூரை.

நீங்கள் யோசிக்கிறீர்கள். நானாக இருந்தால் ஒரு செகண்ட் கூட யோசித்திருக்க மாட்டேன், முழுக் கூரை. அப்புறம் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டிருப்பேன். அந்த அரத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ராவினது ராவினதுதான், திரும்பி வராது. இன்றைக்கு உட்கார்ந்து பார்க்கிற குழு பொய் என்கிறது. நாளைக்கு வேறு நிபுணர் வந்து, ‘அடடா, இது இன்னொரு யோஷிமிட்சுவாக இருக்கலாமே’ என்றால்? அந்தப் பெயரில் ஒரே ஒரு கொல்லர்தான் இருந்தார் என்றா நினைக்கிறீர்கள்? நேர்மாறான கதையும் உண்டு. முரமாஸா என்று ஒரு கொல்லர். அவர் கத்தி டோக்குகாவா வம்சத்துக்கு ஆகாது என்று பேச்சு கிளம்பியது. வைத்திருந்தவர்கள் பயந்துபோய் நிஜக் கையெழுத்தையே ராவினார்கள், எழுத்தை மாற்றினார்கள் என்று சொல்வார்கள். அப்படி ராவப்பட்டவை இன்றைக்கு இருந்திருந்தால்... வேண்டாம், கூரை ஞாபகம் வந்துவிடும்.

காசு பார்க்கிற இடத்தில் எல்லாரும் காசு மட்டும் பார்ப்பதில்லை என்பதற்கும் இந்த வியாபாரத்திலேயே சாட்சி உண்டு. அமெரிக்காவில் வால்டர் காம்ப்டன் என்று ஒரு டாக்டர். மருந்துக் கம்பெனியின் தலைவர், ஜப்பானிய வாள் பைத்தியம். அவர் அங்கே கடையில் வாங்கிய ஒரு வாள், ககோஷிமாவின் டெருகுனி கோயிலுக்குச் சொந்தமான தேசியப் பொக்கிஷம் என்று தெரிய வந்தது. போருக்குப் பிறகு காணாமல் போனது. 1963-ல் அதை ஒரு பைசா வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1992-ல், மிச்ச சேகரிப்பு நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாள் ஒன்று 4,18,000 டாலருக்குப் போனது. திருப்பிக் கொடுத்ததற்கு என்ன விலை வந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டுப் பார்த்தேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியவரிடம் ஒரு வாரம் டயம் கேட்டுக்கொண்டு மாமியார் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். எப்படிச் சொல்வது? ‘உங்க வீட்டுக்காரர் நாற்பது வருஷமா வாயில் காகிதம் கவ்விக்கிட்டு எண்ணெய் பூசினது போலிக்கு’ என்று ஒரு விதவையிடம் எந்த மாப்பிள்ளை சொல்வான்? ரயில் பூராவும் வார்த்தை தேடுகிறீர்கள். கடைசியில் ஜப்பானிய வழியே வழி என்று, அவர் முன்னால் உட்கார்ந்து பல்லிடுக்கில் காற்றை இழுக்கிறீர்கள்.

“ஓ, யோஷிமிட்சு இல்லையாமா?” என்கிறார் மாமியார்.

“உங்களுக்கு...?”

மாமியார் பிஸ்கட் டின்னை எடுத்து வருகிறார். நீங்கள் பாதியில் மூடி வைத்த அதே டின். நீங்கள் போன பிறகு அவர் அடிவரைக்கும் பார்த்திருக்கிறார். ஒரு பழுப்புக் காகிதம். 1978-ல் கத்தி வாங்கின ரசீது. விற்றவர் தூரிகையால் அழகாக எழுதியிருக்கிறார். டான்டோ ஒன்று. யோஷிமிட்சு என்று கையெழுத்து உள்ளது. கையெழுத்துக்கு உத்தரவாதம் இல்லை. கீழே தொகை. அதைப் பார்த்து உங்களுக்கே ஒரு நிமிஷம் மூச்சு நின்றது.

“ஒரு ரேடியோ விலைன்னு எங்கிட்ட சொன்னார்” என்கிறார் மாமியார். “அந்த வருஷம் கம்பெனியில் போனஸே குடுக்கலைன்னு வேற சொன்னார்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கூரையிலிருந்து வாளியில் சொட்டு விழுகிற சத்தம். அப்புறம் அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பிக்கிறார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

“பாருங்க மாப்பிள்ளை, விலையைக் குறைச்சுச் சொன்னார். கத்தியைக் கூட்டிச் சொன்னார். ரெண்டும் பொய்.”

கத்தி சேகரிக்கிறவர்கள் நடுவில் ஒரு பழைய பயம் இருக்கிறது. ‘நான் செத்த பிறகு என் பெண்டாட்டி இதையெல்லாம் நான் சொன்ன விலைக்கே விற்றுவிடப் போகிறாளே’ என்று. உங்கள் மாமனார் அந்த மட்டும் தப்பித்தார், ரசீதைக் கிழிக்காமல் வைத்ததால்.

ராவுகிற விஷயத்தைச் சொல்கிறீர்கள். பாதிக் கூரை, முழுக் கூரைக் கணக்கையும் சொல்கிறீர்கள். மாமியார் வெள்ளை மர உறையை மடியில் வைத்துக்கொண்டு தடவியபடி கேட்டுக்கொள்கிறார்.

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் வெச்சிருந்திருக்கார். ராவணும்னு நினைச்சிருந்தா அவரே ராவியிருப்பார்” என்கிறார். “பாதிக் கூரை போதும். மழை வர்ற பக்கம் மட்டும் போட்டுக்கலாம்.”

அதற்கு மேல் என்ன பேச?

பெரியவர் கடையில் கத்தியை விற்றுத் தருகிற கணக்கில் ஒப்படைக்கிறீர்கள். அவரே வாங்கிக்கொண்டால் உடனே பணம், ஆனால் குறைச்சல். விற்றுத் தந்தால் கமிஷன் போக மிச்சம், ஆனால் காத்திருக்கவேண்டும். ஜோடனை உறையைத் தனியாகவும் அலகைத் தனியாகவும் விற்றால் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்திருந்ததைக் கூரைக்காகப் பிரிப்பானேன்? வரிக் கணக்கு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழம்பொருள் ஒன்று 3 லட்சம் யென்னைத் தாண்டி விலை போனால்தான் லாபத்துக்கு வரி. அதிலும் 50 மாதிரி, 60 மாதிரி இல்லாமல் 5 லட்சம் யென் வரைக்கும் விசேஷக் கழிவு உண்டு. தவிர, மாமனார் வாங்கின விலையைச் செலவில் காட்ட அந்த ரசீது இருக்கிறது. லாபமாவது ஒன்றாவது!

கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியவர் அட்டையில் எழுதி வைக்கிறார். டான்டோ. கையெழுத்து: யோஷிமிட்சு. கையெழுத்து போலி. எழுத்தைச் சின்னதாக்கவில்லை, மூலையில் ஒளிக்கவில்லை. இப்படி எழுதினால் எவன் வாங்குவான் என்று உங்களுக்குக் கவலை. “இதை வாங்கறதுக்குன்னே ஒருத்தன் வருவான்” என்கிறார் அவர்.

இரண்டு மாசம் கழித்துப் போன் வருகிறது. போனால், அங்கே ஒருத்தர் நிற்கிறார். முப்பது வயசுக்குள். சாம்பல் நிற சூட், ஆபீஸ் பை, லன்ச் டைம் முடிவதற்குள் திரும்பவேண்டிய அவசரம். நீங்கள் கண்ணாடியில் பார்க்கிற அதே ஆசாமி. இதுதான் அவருக்கு முதல் கத்தியாம். நாலு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கல்வத்தைத் துளைத்த கதை அவருக்குத் தெரியும். போலி என்பதும் தெரியும். பணத்தை எண்ணி வைக்கிறார். பெரியவர் பதிவுச் சீட்டை அவரிடம் கொடுத்து, இருபது நாளைக்குள் கல்வி வாரியத்துக்கு உடைமை மாற்றம் எழுதிப் போடவேண்டும் என்று விளக்குகிறார். மாமியார் உங்களிடம் கொடுத்தனுப்பிய கிராம்பு எண்ணெய் சீசாவையும், பட்டுப் பொட்டலத்தையும் நீங்கள் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அவர் குனிகிறார். நீங்கள் குனிகிறீர்கள். அவர் இன்னும் கொஞ்சம் குனிகிறார்.

“ரசீது போடட்டுமா?” என்கிறார் பெரியவர்.

“போடுங்க” என்ற வாடிக்கையாளர், கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்:

“ரசீதை மட்டும் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்ப முடியுமா ஸார்?”